மலைநீரும் கொடுவாவும்: வெள்ளாற்றுக் கழிமுக மீன் ஒன்றின் உயிரியல்

1. களம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கல்வராயன் மலையில் பெய்யும் மழை கடலுக்குத்தான் போகிறது. கோமுகி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு வரும் மணிமுத்தாறு, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. மலையின் மறுபக்கத்து நீரை வசிட்ட நதி ஆத்தூர் வழியாக அதே வெள்ளாற்றுக்குக் கொண்டுவருகிறது. பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் இந்த நீர் வங்கக் கடலைச் சேர்கிறது.

அந்தக் கழிமுகத்து மீன்களுள் ஒன்று கொடுவா. உப்புநீரை மட்டும் வைத்து இதன் வாழ்வை விளக்க முடியாது. மலையிலிருந்து வரும் நன்னீருக்கும் அதில் நேரான பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. பெயரும் உருவமும்

1790இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் இம்மீனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் லேட்டஸ் கல்காரிஃபர். பின்பாதிப் பெயருக்கு லத்தீனில் ‘முள் தாங்கி’ என்று பொருள். பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை இது பரவியுள்ளது. இலங்கைக் கொடுவாவில் ஒரு வகை, லேட்டஸ் லக்திவா என்ற தனி இனமாக 2012இல் பிரித்தறியப்பட்டது.

கொடுவாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். கண்ணுக்குப் பின்னுள்ள செவுள் எலும்பின் விளிம்பு ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும்; கீழ்மூலையில் வலுவான முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். செவுள் மூடியில் கவனமின்றி விரலை வைத்தால் அறுத்துவிடும். நெற்றி உட்குழிந்து, கீழ்த்தாடை முன்தள்ளி, வாய் கண்ணுக்கும் பின்னால்வரை பிளந்திருக்கும். வால் துடுப்பு வட்டமானது. இரவில் விளக்கு பட்டால் கண்கள் செந்நிறமாக மின்னும்.

3. இரண்டு நீரில் ஒரே உடல்

நன்னீரில் இருக்கும்போது வெளிநீர் இடைவிடாமல் உடலுக்குள் புகும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றியபடி, செவுள் வழியே உப்பை உள்ளிழுத்துக்கொள்ளும். கடல்நீரில் நிலைமை தலைகீழ்: உடல் நீரை இழக்கும்; மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளும். இந்த இரு வேலையையும் மாறி மாறிச் செய்யக்கூடியது கொடுவா. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஏறத்தாழ நன்னீராகிக் கோடையில் கடல் அளவுக்கு உப்பேறும் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இது தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

4. இனப்பெருக்கமும் பால் மாற்றமும்

முட்டையிட மட்டும் கொடுவாவுக்கு உப்பு கட்டாயம். முகத்துவாரத்தை ஒட்டிய உவர்ப்பு மிகுந்த நீரில், அமாவாசை, பௌர்ணமி ஓதங்களை ஒட்டி முட்டையிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டை, உள்ளிருக்கும் எண்ணெய்த் துளியின் உதவியோடு மிதக்கும்; ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஏறும் ஓதம் குஞ்சுகளை அலையாத்திக் காடுகளின் ஓடைகளுக்குள் கொண்டுசேர்க்கும். வளரும் குஞ்சுகள் தம்மினும் சிறிய உடன்பிறப்புகளையே விழுங்கும். வளர்ப்புத் தொட்டிகளில் அளவுவாரியாக அடிக்கடி தரம் பிரிப்பது இதற்காகவே.

ஓடைகளில் வளர்ந்த இளமீன் ஆற்றை எதிர்த்து மேலேறும். சில ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, முதிரும் பருவத்தில் கடல்வாய்க்குத் திரும்பும். அப்போது பெரும்பாலானவை ஆண்கள். பல ஆண்டுகள் ஆணாக இனப்பெருக்கம் செய்தபின் விந்தகம் சுருங்கி, அங்கே சூலகம் உருவாகும், ஆண் பெண்ணாகும். பெரிய உடலில் முட்டைக்கு இடம் அதிகம். ஒரு பெருந்தாய் லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் முட்டையிடும். பருத்த உடல் பெண்ணாக இருப்பதால் இனத்துக்கு ஆதாயம் கூடுகிறது. சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் அடைப்பில் இம்மீனின் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது.

5. தடைகள்

கொடுவாவின் இந்த வாழ்க்கை முறையிலிருந்து இரண்டு ஆபத்துகள் தெளிவாகின்றன. ஒன்று, பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் தாய்களே குறையும். மற்றொன்று, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு போன்ற குறுக்குக் கட்டுமானங்கள் இளமீனின் ஏற்றத்தை மறிக்கின்றன. கோமுகி அணை, மணிமுத்தா அணை வரை கொடுவா வந்து சேர முடியாது. அணைநீரில் கொண்டுவந்து விட்டாலும் வளருமே தவிர, இனம் பெருகாது.

அணை கூடாது என்பதல்ல என் வாதம். கள்ளக்குறிச்சியின் நெல்லுக்கும் கரும்புக்கும் அந்த நீர் வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றுத் தடுப்பணையில் 1994இல் மீன்வழியை, அதாவது மீன்கள் தடுப்பைத் தாண்டி மேலேறும் பாதையை, மாற்றியமைத்த பிறகு கொடுவா அதன் வழியே மேலேறியது. தடுப்பும் மீனும் சேர்ந்திருக்க வழி உண்டு.

6. முடிவு

வெள்ளாற்று அணைக்கட்டுகளில் மீன்வழி, வெள்ளக் காலத்தில் முகத்துவாரம்வரை தடையில்லா நீரோட்டம், பெருந்தாய் மீன்களுக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் தேவை. ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக முடியும் இந்த வாழ்வுக்குக் கடலும் ஆறும் இடையறாமல் தொடர்ந்திருக்க வேண்டும். கல்வராயன் மலைக்காட்டைக் காப்பவர், பரங்கிப்பேட்டை மீனவரின் வலையையும் சேர்த்தே காக்கிறார்.