ஜப்பானியப் பொங்கலும் அரை நிலாவும்

பொங்கல் நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய தவறு நினைவுக்கு வரும். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, இருநூறு பேர் முன்னால் செய்த தவறு. அதைத் திருத்திக்கொள்ள நான் ஜப்பான் வரை போக வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். வகுப்பில் எல்லாரும் என் மகன் வயதுப் பையன்கள், பெண்கள். நான் ஒருவன்தான் வெள்ளைத் தலை. முதல் மாதமே எனக்கு ஒரு பெருமிதம் பிடித்துக்கொண்டது. வாக்கிய அமைப்பு அப்படியே தமிழ். வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 'கொரே, சொரே, அரே' என்று அவர்கள் மூன்றாகப் பிரிப்பது நம்முடைய இது, உது, அது. நாம் 'உது'வைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்கு முன்பே கவனித்துப் பெரிய ஆராய்ச்சி செய்தவர் சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் (1919–2008). 1980களின் தொடக்கத்தில் சென்னை வந்து தங்கி, பேராசிரியர் பொற்கோவிடம் தமிழ் கற்றுக்கொண்டவர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஓனோ சொற்களோடு நிற்கவில்லை, சடங்குகளையும் ஒப்பிட்டார். ஜப்பானில் ஜனவரி 15 அன்று 'கோஷோகட்சு', அதாவது சிறிய புத்தாண்டு என்று ஒரு பண்டிகை உண்டு. அன்று சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி வைப்பார்கள். பழைய அலங்காரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். வடக்குப் பகுதியில் தவிட்டை இறைத்துக்கொண்டு 'ஹோங்கா ஹோங்கா' என்பதுபோலக் கூவும் வழக்கம்கூட இருந்ததாம். பழைய ஜப்பானிய மொழியில் 'ப' இருந்த இடத்தில்தான் பின்னால் 'ஹ' வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா!

2015 பொங்கலுக்கு எங்கள் காலனி விழாவில் நான் இதைப் பேசினேன். ஓனோ கவனமாகச் சொன்னதை நான் முழக்கமாகச் சொன்னேன். "தேதி கூட மாறவில்லை! ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தமிழன் கொண்டுபோன பொங்கல், இன்றும் அதே நாளில் ஜப்பானில் பொங்குகிறது!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என்னைப் பேச அழைத்த தமிழாசிரியர் நண்பர் மேடையிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார். காலனிப் பிள்ளைகளில் இரண்டு பேர் அதைப் பள்ளிக் கட்டுரையிலும் எழுதிவிட்டார்கள்.

அடுத்த வருடம், 2016 ஜனவரியில், எங்கள் வகுப்பு பத்து நாள் சுற்றுலா போயிற்று. குளிர்காலத்தில் டிக்கெட் மலிவு என்பதுதான் காரணம். அதற்கு மேல் அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. தோக்கியோவில் இறங்கிய மறுநாள், ஜனவரி 11, அவர்களுடைய வயதுக்கு வரும் நாள். இருபது வயது நிறைந்த பெண்கள் நீளக் கை கிமோனோவில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த விடுமுறையும் முன்பு ஜனவரி 15ஆகத்தான் இருந்தது. 2000த்திலிருந்துதான் இரண்டாவது திங்கட்கிழமை ஆக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு இன்னும் உற்சாகம். கியோத்தோ, நாரா பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் பொங்கல் ஜனவரி 15. அன்று நாங்கள் இருந்தது நாகானோ மாவட்டத்தில், நொஸாவா ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் கிராமத்தில். புல்லட் ரயிலில் ஈயாமா வரை போய், அங்கிருந்து பஸ். இரண்டு பக்கமும் பனி. பொதுக் குளியலறையில் துணியில்லாமல் இறங்க வேண்டும் என்றதும் நானும் இன்னும் இரண்டு பேரும் கால் நனைத்ததோடு திரும்பி வந்துவிட்டோம்.

தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. காலையில் அந்த வீட்டுப் பாட்டி கிண்ணத்தில் சிவப்பாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். 'அஸுகிகயு'. நான் "பொங்கல்!" என்று கத்தியே விட்டேன். வாயில் வைத்தால் வெல்லமும் இல்லை, நெய்யும் இல்லை. உப்புப் போட்ட குழைந்த கஞ்சி, நடுவில் நம் சிவப்புக் காராமணி போலப் பயறு. சொந்தக்காரன் வீட்டுக்குப் போய் அடையாளம் தெரியாமல் நிற்பதுபோல இருந்தது.

இரவுதான் பெரிய விஷயம். அந்த ஊரில் தோசோஜின் என்ற வழித்துணைத் தெய்வத்துக்குத் தீத் திருவிழா. பெரிய மரங்களைக் கொண்டு மாடி உயரத்துக்கு ஒரு கோயில் கட்டுகிறார்கள். அதன் உச்சியில் ஊரின் 42 வயது ஆண்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள். அடியில் 25 வயது இளைஞர்கள் காவல். அவர்கள் கணக்கில் இரண்டும் ஆண்களுக்கு ஆகாத வயது. நாலும் இரண்டும் சேர்த்து 'ஷி நி' என்றால் சாவு என்று ஒலிக்கும். அதனால் 42க்குப் பயம் அதிகம். ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்து கோயிலைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். கீழே நிற்கும் பையன்கள் பைன் கிளையால் அடித்து அடித்து அணைக்கிறார்கள். விளையாட்டில்லை, முகமெல்லாம் கரி, சிலருக்கு ரத்தமும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த பிறகு, மேலே இருப்பவர்கள் இறங்கியதும் கோயிலையே எரித்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய போகி உண்டா? பக்கத்தில் நின்ற விடுதிப் பெரியவரிடம், எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியிலும் மிச்சத்துக்கு எங்கள் சென்செய் மூலமாகவும், என் சொற்பொழிவைச் சுருக்கமாகச் சொன்னேன். அதே தேதி, அதே தேதி என்று இரண்டு முறை அழுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேற்கே வானத்தைக் காட்டினார். அரை நிலாகூட ஆகாத ஒரு பிறை தொங்கிக்கொண்டிருந்தது.

"கோஷோகட்சு பௌர்ணமிப் பண்டிகை. என் தாத்தா சொல்வார். இன்று எங்கே பௌர்ணமி?" என்றார்.

சென்செய் மொழிபெயர்த்து முடித்ததும் எனக்கு உடனே புரியவில்லை. அறைக்கு வந்து படுத்த பிறகுதான் புரிந்தது. புரிந்த பின் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். பழைய ஜப்பானில் மாதம் என்பது நிலாவின் மாதம். அமாவாசையில் முதல் தேதி, பதினைந்தாம் தேதி பௌர்ணமி. முதல் மாதத்துப் பௌர்ணமிதான் சிறிய புத்தாண்டு. இந்தக் கஞ்சி மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. 935ஆம் ஆண்டுப் பயணத்தைச் சொல்லும் தோசா நிக்கியில், கப்பலில் அன்று பயற்றங்கஞ்சி கிடைக்கவில்லை என்ற குறை பதிவாகியிருக்கிறது. சேய் ஷோனாகோன் என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய நூலிலோ, கஞ்சி கிண்டிய கழியால் பெண்கள் ஒருவரையொருவர் பின்னால் அடித்து விளையாடுவது வருகிறது. அடிபட்டவளுக்கு ஆண் குழந்தை பிறக்குமாம். ஆனால் இவையெல்லாம் நிலாக் கணக்கின் பதினைந்தாம் நாள். ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் பிப்ரவரியில் விழும்.

அதை ஜனவரி 15க்குக் கொண்டுவந்தது மெய்ஜி அரசாங்கம். 1872இல் திடீரென்று உத்தரவு போட்டு, பழைய கணக்கின் பன்னிரண்டாம் மாதம் மூன்றாம் நாளை 1873 ஜனவரி 1 என்று அறிவித்தார்கள். மக்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு மாதம்கூட இல்லை. அவசரத்துக்குக் காரணம் சம்பளம்! வரவிருந்த வருடம் பழைய கணக்கில் பதின்மூன்று மாதம். அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் வழங்கத் தொடங்கியிருந்த கஜானாவில் பணம் இல்லை. புது நாட்காட்டி வந்ததும் பதின்மூன்றாவது சம்பளம் மிச்சம். இரண்டே நாளோடு முடிந்த டிசம்பருக்கும் கொடுக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். அந்தக் கணக்கனின் மூளையை நினைத்து அந்த இரவிலும் சிரித்தேன்.

நிலாவை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பிடித்துக்கொண்ட ஊர்கள் ஜனவரி 15இல் கொண்டாடின. பருவத்தை விடாத ஊர்கள் ஒரு மாதம் தள்ளி வைத்தன. அகிதா பக்கம் யோகோத்தேயில் பனிக் குடில் கட்டும் கமாகுரா திருவிழா இன்றும் பிப்ரவரியில்தான்.

நம் பக்கமும் தேதி நிலையானதல்ல. பொங்கல் சூரியன் மகரத்தில் நுழையும் நாள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுவதால், எழுபது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் தள்ளிப் போகிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று; ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இன்றைய கணக்கில் டிசம்பர் கடைசியில் இருந்திருக்கும். ஆக, தோசா நிக்கிக்காரர் கஞ்சிக்கு ஏங்கிய காலத்தில் இரண்டு பண்டிகைக்கும் நடுவே பல வாரங்கள். அவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது தமிழனும் அல்ல, பழைய ஜப்பானியனும் அல்ல.

ஊருக்குத் திரும்பியதும் சென்செய் கொடுத்த புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயற்றங்கஞ்சி பேயை ஓட்டும் என்ற நம்பிக்கை சீனாவில் இன்னும் பழையது. வாக்கிய அமைப்பு என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் கொரிய மொழியிலும் இருக்கிறது, மூன்று சுட்டு உட்பட. மொழியியலாளர் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. இருந்தாலும் அவர்மேல் என் மதிப்பு குறையவில்லை. அறுபதை நெருங்கும் வயதில் புதிதாகத் தமிழ் படிக்க உட்கார்ந்த மனிதர் அவர். அவர் சேர்த்த சொற்பட்டியலை அறிஞர்கள்தான் எடைபோட வேண்டும். தேதியைப் பற்றி முழங்கியது நான்.

2017 பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இதைச் சொன்னேன். கைதட்டல் இல்லை. கட்டுரை எழுதிய பையன்களில் ஒருவன் மட்டும் வந்து, "அப்போ நான் எழுதினது தப்பா தாத்தா?" என்று கேட்டான். ஆமாம், என்னால்தான் என்றேன். தமிழாசிரியர் நண்பர் மேடையை விட்டு இறங்கும்போது, "இதை வெளியில சொல்லித்தான் ஆகணுமாய்யா?" என்றார். அப்புறம் இரண்டு மாதம் நடைப்பயிற்சிக்கு வேறு பாதையில் போனார்.

பங்குனியில் ஒரு நாள் அவராகவே வீட்டுக்கு வந்தார். என் வீட்டம்மா, நான் கொண்டுவந்திருந்த கடைசிப் பிடி அஸுகியை வெல்லம், தேங்காய் எல்லாம் போட்டுப் பொங்கியிருந்தாள். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "காராமணிதானே இது?" என்றார். ஜப்பான் பயறு என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.