மூடிய புத்தகமும் உயிரியல் தேர்வும்

புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கும் திருப்புதல் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுப் பின்னணி உண்டு. மறதியை அளக்க முடியும் என்று ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் காட்டினார். நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதன் பயனைப் பள்ளி அளவில் சோதித்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஸ்பிட்சர். 1939-இல் வெளியான அவரது ஆய்வில், அயோவா மாநிலத்து ஆறாம் வகுப்பு மாணவர்கள் 3,605 பேர் பங்கேற்றார்கள். அவர்கள் வாசித்த கட்டுரைகளில் ஒன்று மூங்கிலைப் பற்றியது. வாசித்த உடனேயே தேர்வெழுதியவர்களுக்குப் பாடம் நெடுநாள் நினைவில் நின்றது. இவ்வளவு பயனுள்ள முடிவு பல பத்தாண்டுகள் வகுப்பறையை எட்டாமல் போனது பெரிய இழப்பு.

உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் இந்த முடிவை மீட்டெடுத்தார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது, மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் படிப்பவர்களை ஏமாற்றுவது இந்த வேறுபாடுதான்.

உயிரியலுக்கு நெருக்கமானது 2011-இல் வந்த ஆய்வு. கடல்நீர்நாய் பற்றிய பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்துவரைபடம் வரைந்தவர்களைவிட, பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் கூடுதலாக விடையளித்தார்கள். காரணம் கேட்கும் வினாக்களிலும் அப்படித்தான். சிறுநீரகத்தின் நெஃப்ரான் படத்தைப் பார்த்து வரைவதற்கும், பாராமல் வரைந்து பாகங்களைக் குறிப்பதற்கும் உள்ள தூரம் இதுவே. கருத்துவரைபடத்தையும் புத்தகத்தை மூடிவிட்டு வரைந்தால் நல்ல பலன் உண்டு என்பது 2014-இல் தெளிவானது.