பாவுகல்லைப் பிளந்தவர் பெயர் எங்கே?

ராஜஸ்தானின் ஜோத்பூரில் பழைய வீடுகளுக்குத் தரையும் கல், கூரையும் கல். மரம் அரிதான அந்த வறண்ட நிலத்தில், நீண்ட மணற்கல் பலகைகளைச் சுவருக்குச் சுவர் பரப்பிக் கூரை போட்டார்கள். அதே பலகைதான் முற்றத்துக்குப் பாவுகல், மாடிக்குப் படி, சன்னலுக்கு மேல் வெயில் தடுப்பு, வயலுக்கு வேலி.

ஒரே கல் இத்தனைக்கும் உதவுவது எப்படி? மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை அது. அடுக்கின் வரியைப் பார்த்து ஆப்பை இறக்கினால் பலகையாகப் பிளக்கும். வரி தப்பினால் கல் வீண். இதை எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை. இது உழைப்பாளியின் கையில் இருக்கும் அறிவு.

வட இந்திய மணற்கல்லில் எழுந்த கட்டடங்களைப் பற்றி நாம் என்ன படிக்கிறோம்? ஃபதேபூர் சிக்ரி என்றால் அக்பர். டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகை என்றால் லட்யன்ஸ். 1943இல் முடிந்த ஜோத்பூர் உமைத் பவன் என்றால் மகாராஜா. கட்டச் சொன்னவர் பெயர் இருக்கிறது, வரைந்தவர் பெயர் இருக்கிறது. கல்லைப் பிளந்தவர் பெயர் மட்டும் இல்லை.

இன்று ராஜஸ்தான் குவாரிகளில் உளி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் ஆதிவாசிகளும்தான். அங்கே நிலமும் குத்தகையும் யார் கையில், உளி யார் கையில் என்று கேட்டாலே சாதி தெரிந்துவிடும். 'பேஷ்கி' எனும் முன்பணம் வாங்கியவர், கடன் தீராமல் குவாரியை விட்டுப் போக முடியாது.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமை முறை தொடர்ந்தது. பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய ஒரு கடிதத்தையே வழக்காக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கட்டாய வேலை நடப்பது தெரிந்தால், அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாகவே நீதிமன்றம் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி என்றது. நம் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் இது.

அடுத்தது தூசி. மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ். உலர்ந்த கல்லில் துளை போடும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. பலருக்குக் காசநோய் என்றே வைத்தியம் நடக்கிறது. நீர் விட்டுத் துளையிட்டால் தூசி பெருமளவு அடங்கும். அதற்கான செலவுதான் முதலாளிகளுக்குக் கசக்கிறது.

நெடிய போராட்டங்களுக்குப் பிறகு ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பல குடும்பங்களில் கல்லுடைத்தவரின் பெயர் அரசு ஏட்டில் ஏறுவதே இந்த நோய்ச் சான்றிதழ் வழியாகத்தான்.

தோழர்களே, கட்டடக்கலை வரலாறு படிக்கும்போது மன்னர் பெயரோடு நிறுத்தாதீர்கள். முன்பணக் கணக்கு, வருகைப் பதிவேடு, எக்ஸ்ரே படம் மூன்றையும் தேடிச் சேருங்கள். அவையும் வரலாற்று ஆவணங்களே. நாளை நீதிமன்றத்தில் நமக்குச் சாட்சி சொல்லப்போவதும் அவைதான்.