தாமதமாக வந்த ரயில்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமியிலிருந்து கீ வெஸ்ட் வரை, தீவு தீவாகக் கடலைத் தாண்டிப் போகிறது ஒரு நெடுஞ்சாலை. இஸ்லமொராடா என்ற ஊரில், 81, 82-ஆம் மைல் கற்களுக்கு நடுவே, சாலையை ஒட்டி ஒரு கல்மேடை. பலர் பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். மேடையில் 18 அடித் தூண். அந்தத் தீவுகளிலேயே வெட்டிய பவளச் சுண்ணாம்புக்கல். கிட்டே போனால் கல்லில் பவளப் பூச்சிகளின் தடம் தெரியும். தூணில் பொங்கும் அலையும் காற்றில் வளையும் தென்னைகளும் புடைப்புச் சிற்பமாக இருக்கின்றன. முன்னால் ஓடு பதித்த மூடியில் தீவுகளின் வரைபடம். அதன் கீழேதான் சுமார் 300 பேரின் அஸ்தி இருக்கிறது.

1935 செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தினம். அன்றிரவு கரையைத் தொட்ட புயலில் காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கியது. செத்தவர்கள் 400-க்கும் மேல். பாதிக்கு மேல் முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்கள்.

அவர்களுக்கு இங்கே என்ன வேலை? போர்ச் சேவைக்காக அரசு 1945-ல் தருவதாகச் சொன்ன போனஸை இப்போதே கொடு என்று 1932-ல் முன்னாள் வீரர்கள் வாஷிங்டனில் கூடாரம் போட்டார்கள். அரசு ராணுவத்தை ஏவியே அவர்களை விரட்டியது. பிறகு வந்த ரூஸ்வெல்ட் அரசு, வேலையில்லாமல் திண்டாடிய முன்னாள் வீரர்கள் பலரை மாதம் 30 டாலர் சம்பளத்தில் சாலை போட இந்தத் தீவுகளுக்கு அனுப்பியது. பேய்க்காற்று அடிக்கும் பருவத்தில், தங்குவதற்குக் கித்தான் கூடாரமும் பலகைக் கொட்டகையும்!

அவர்களை மீட்க ரயிலுக்குச் சொல்லியனுப்பியதே தாமதம். மாலை 4.25-க்குத்தான் மியாமியை விட்டுக் கிளம்பியது. விடுமுறைப் படகுகளுக்காகத் தூக்கியிருந்த பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றது. ஹோம்ஸ்டெடில், திரும்பி வர வசதியாக இருக்கட்டும் என்று இன்ஜினை மாற்றிக் கோத்தார்கள். ஸ்னேக் கிரீக்கில் தண்டவாளத்தின் குறுக்கே தொங்கிய கம்பி வடம் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. இஸ்லமொராடாவைத் தொடும்போது மணி 8.20. சில நிமிடங்களில் கடல் எழுந்து வந்து பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. 447-ஆம் எண் இன்ஜின் மட்டும் நிமிர்ந்து நின்றது.

விசாரணைக்குப் போன அதிகாரிகள் சில நாட்களிலேயே ‘கடவுள் செயல்’ என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். கீ வெஸ்டில் குடியிருந்த எழுத்தாளர் ஹெமிங்வே பிணங்களை நேரில் பார்த்தவர். வீரர்களைக் கொன்றது யார் என்று பத்திரிகையில் கேட்டார். என் கட்சி ஹெமிங்வேதான். புயலைத் தடுக்க யாராலும் முடியாது; ரயிலைக் காலையிலேயே அழைத்திருக்க முடியும்.

1937 நவம்பரில், புயலில் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி நினைவிடத்தைத் திறந்து வைத்தாள். கட்டியது அரசின் வேலைவாய்ப்புத் திட்டம். அதனாலோ என்னவோ, சிற்பத்தில் அலை இருக்கிறது, காற்று இருக்கிறது, ரயில் இல்லை.

அழிந்த ரயில் பாதையை மறுபடி போடவேயில்லை. அதன் பாலங்கள்மீது சாலை போட்டு 1938-ல் திறந்தார்கள். வீரர்கள் கேட்ட போனஸ்? 1936 ஜனவரியில், ரூஸ்வெல்ட் மறுத்தும், நாடாளுமன்றம் அதைக் கொடுக்கச் சட்டம் போட்டது. புயல் அடித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.