அளவுகோல் யார் கையில்?

படைத்தலைவனுக்கும் இல்லத்தலைவிக்கும் என்ன ஒப்புமை? அவன் களத்திலே நிற்பவன். அவள் அடுக்களையிலே நிற்பவள். எனினும், 1861ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வெளிவந்த ஒரு பெருநூல், அந்த ஒப்புமையோடுதான் தன் முதல் அதிகாரத்தைத் தொடங்கிற்று. தலைவன் எவ்வழி, படை அவ்வழி. தலைவி எவ்வழி, இல்லம் அவ்வழி என்பது அந்நூல் வகுத்த இலக்கணம். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், தோற்ற படையின் பழி தலைவன்மேல் விழுவதுபோல, கறைபட்ட மேசைத்துணியின் பழி யார்மேல் விழும் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்தப் பெருமையின் விலை நமக்குப் புரியும்.

நூலின் பெயர், இல்ல நிருவாக நூல். ஆக்கியவர், இசபெல்லா பீட்டன் அம்மையார். ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலிலே, எந்தத் திங்களில் எந்த விருந்து, எத்தனை பேருக்கு எவ்வளவு, சமைக்க எத்துணை நேரம், ஆகும் செலவு என்ன, பணிப்பெண் காலையில் முதலிற் செய்ய வேண்டுவது எது என்று அனைத்துக்கும் விதி உண்டு. முதலாண்டிலேயே 60,000 படிகள் விற்றன. ஆலையும் வாணிபமும் வளர்ந்த இங்கிலாந்தில், புதிதாக வசதி பெற்ற நடுத்தரக் குடும்பங்கள், தம் தகுதியை ஊருக்குக் காட்ட ஓர் அளவுகோலைத் தேடின. பீட்டன் அம்மையார் நூல் அந்த அளவுகோலாயிற்று.

அடுப்பங்கரையிலேயே நரைத்த மூதாட்டி ஒருவர் எழுதிய நூல் என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? அல்ல! நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 25. கணவர் வெளியிட்ட பெண்கள் இதழில் எழுதி வந்த இதழாளர் அவர். சமையற் குறிப்புகளிற் பெரும்பாலானவை பழைய நூல்களிலிருந்தும், வாசகர் விடுத்த மடல்களிலிருந்தும் திரட்டப்பட்டவை. அவர் வீட்டிலே பணியாட்களும் இருந்தனர். பலர் கைகொண்டு செய்யும் பணியைக் கணக்கிட்டு எழுதிய விதி, பணியாளே இல்லாத வீட்டின் ஒற்றைப் பெண்ணுக்கும் விதியாகிப் போயிற்று.

அந்த அம்மையாரின் முடிவோ, நெஞ்சை உருக்குவது. நான்கு ஆண்மக்களை ஈன்றார், முதலிருவரையும் பறிகொடுத்தார். நான்காம் மகனைப் பெற்ற சில நாட்களில், 1865ஆம் ஆண்டு, பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் அவரையும் கொண்டு சென்றது. அப்போது வயது 28.

அந்தக் காய்ச்சல் அக்காலத்தில் எண்ணற்ற தாய்மாரைக் கொன்றது. அதைத் தடுக்கும் வழி, அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வியன்னா நகரில் தெரிந்துவிட்டது. பிணங்களை அறுத்தாராயும் மருத்துவர்கள், அந்தக் கையோடு பேறுகால விடுதிக்கு வருவதே கேடு என்று கண்டார், செம்மல்வைஸ் எனும் மருத்துவர். சுண்ணாம்புக் குளோரைடு கரைத்த நீரில் கைகழுவச் செய்தார். 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் மாண்ட அந்த விடுதியில், ஜூன் திங்களில் அந்த எண்ணிக்கை 2 அளவிற்கு இறங்கிற்று. ஆயினும் மருத்துவர் பலர் அவரை ஏற்றாரில்லை. எங்கள் கையா அழுக்கு என்று சீறினர்!

காண்கிறோமா முரண்பாட்டை? மேசைமேல் வைக்கும் வெள்ளிக்கரண்டியில் மாசு இருத்தலாகாது என்று மங்கையர்க்கு விதி வகுத்த காலம், அவர்தம் மகப்பேற்றின்போது தொடும் மருத்துவர் கையில் மாசு இருப்பதைப் பொறுத்துக்கொண்டது. கண்டிப்பு வேண்டிய இடத்தில் அசட்டை. போதும் என்று விடத்தக்க இடத்தில் கண்டிப்பு! செம்மை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று கேள்வி. எங்கே வேண்டும், எங்கே வேண்டுவதில்லை என்பதை யார் முடிவு செய்வது? அதுவே கேள்வி.

கடல் கடந்து அமெரிக்கா செல்வோம். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுப் பணியாட்கள் அருகினர். அளவுகோல் மட்டும் குறையவில்லை. தொழிற்சாலைகளில் டெய்லர் என்பார் புகுத்திய முறையை, 1912ஆம் ஆண்டு, கிறிஸ்டீன் பிரெடரிக் அம்மையார் அடுக்களைக்குள் கொண்டுவந்தார். தட்டுக் கழுவுவதில் எத்தனை அசைவு வீண், எத்தனை அடி வீண் என்று எண்ணினார். நோக்கம் நல்லதே, உழைப்பைக் குறைக்க வந்த முறை அது. ஆனால் 1929ஆம் ஆண்டு அவரே எழுதிய மற்றொரு நூல், இல்லத்தரசிகளிடம் சரக்கை எப்படி விற்பது என்று முதலாளிகளுக்குப் பாடம் சொல்லிற்று. உழைப்பைக் குறைக்கப் புறப்பட்டவர் கை, விற்பனையாளர் கையோடு கோத்துக்கொண்டது.

சலவை இயந்திரம் வந்தது. மின்சாரத் தேய்ப்புப்பெட்டி வந்தது. தூசு உறிஞ்சும் கருவி வந்தது. உழைப்பு குறைந்ததா? ஜோன் வானெக் எனும் ஆய்வாளர் 1974ஆம் ஆண்டு கணக்கை வெளியிட்டார். வெளிவேலைக்குச் செல்லாத அமெரிக்க இல்லத்தரசி, 1924ஆம் ஆண்டளவில் வாரத்திற்கு 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தாள். கருவிகள் மலிந்த 1960களில் 55 மணி நேரம்!

இது எப்படி? 1983ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், வரலாற்றறிஞர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் அம்மையார் விடை தருகிறார். வாரம் ஒருமுறை மாற்றிய உடை, நாள்தோறும் மாற்றும் உடையாயிற்று. வண்ணாத்தியிடமோ சலவைச்சாலைக்கோ போன துணி, வீட்டுக்காரியிடமே திரும்பிற்று. இரும்படுப்பு வந்ததும் ஆடவனுக்கு விறகு பிளக்கும் வேலை குறைந்தது. ஒரே பானைக் குழம்போடு முடிந்த உணவோ, பல கறிகளாகப் பெருகிப் பெண்ணின் வேலையைக் கூட்டிற்று. கருவி மிச்சப்படுத்திய நேரத்தை, உயர்ந்துகொண்டே சென்ற அளவுகோல் விழுங்கிவிட்டது.

இந்த ஓட்டத்தை நிறுத்தச் சொன்ன குரலும் இங்கிலாந்திலிருந்தே எழுந்தது. பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய டொனால்டு வின்னிகாட், எண்ணற்ற தாய்மாரையும் சேய்களையும் கண்டவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே வானொலி வாயிலாகத் தாய்மாருடன் பேசத் தொடங்கியவர். 1953ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதியது, போதுமான அளவு நல்ல தாய் என்பதைப் பற்றி. பச்சிளங்குழவியின் தேவைக்கு முற்றிலும் இசைந்து தொடங்கும் தாய், அது வளர வளர, அது தாங்கும் அளவறிந்து சிறிது சிறிதாகத் தவறுகிறாள். கேட்டவுடன் கிடைக்காத பால், அழுதவுடன் வராத அன்னை, இவற்றின் மூலமே உலகம் என ஒன்று தனக்கு வெளியே உண்டு என்று குழந்தை கற்கிறது என்றார் அவர். இம்மியும் தவறாத தாய், இந்தப் பாடத்தைக் கற்க வழி விடுவதில்லை! குறை என்று தாய்மார் குமைந்ததை, வளர்ச்சிக்கு வழி என்று காட்டினார் அந்த மருத்துவர்.

குப்பையிலே குடியிருக்கச் சொல்கிறோமா? இல்லை. குடிநீர் தூயதாக இருக்கட்டும். மகவைத் தொடும் கை கழுவிய கையாக இருக்கட்டும். மருந்தின் அளவு பிசகாதிருக்கட்டும். உயிர் ஊசலாடும் இடங்கள் அவை. அங்கே போதும் என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனால் மடிப்புக் கலையாத விரிப்பும், மூன்றாவது கறியும், விருந்தினர் விரல் வைத்துப் பார்க்கும் அலமாரி விளிம்பும் உயிர் காப்பன அல்ல, உயிரை வாங்குவன!

ஆகவே, இது சரியில்லை, அது சரியில்லை என்று வீட்டிலே குறை காணும் ஆடவரைக் கேட்கிறோம்: அந்த அளவுகோலை உங்கள் கையில் கொடுத்தவர் யார்? அளப்பது உங்கள் உரிமையானால், துடைப்பத்தை எடுப்பது யார் கடமை? குறையற்ற இல்லம் தமக்குத் தேவை என்போர், அதற்கான உழைப்பைத் தாமே தரட்டும். தர இயலாதெனில், போதும் என்று சொல்லக் கற்கட்டும். அந்த ஒரு சொல், அடுக்களையில் நிற்பவளுக்கு ஒரு மணி நேரம் அமர்ந்து ஏடு படிக்கும் உரிமையைத் தரும். வெள்ளிக்கரண்டியின் பளபளப்பைவிட அந்த ஒரு மணி நேரம் விலை உயர்ந்ததன்றோ!