கோணேசர் கோயிற் படிமங்களில் வடிவமைப்பு நெறி

உவர்மலை என எம்மவரும் ஓர்ஸ் ஹில் என ஏனையோரும் வழங்கும் மேட்டில் நின்று நோக்குவார்க்குத் திருகோணமலையின் உள்துறைமுகம் கண்முன்னே விரியும். இத்துறைமுகத்தின் பொருட்டே போர்த்துக்கேயர் முதலாக ஆங்கிலேயர் ஈறாகப் பலரும் இந்நகரை நாடி வந்தனர். அவ்வரவால் இந்நகர் இழந்த கலைச்செல்வம் பெரிது. தப்பியது சிறிது. அச்சிறிது தப்பியமைக்கு அதன் வடிவமைப்பே ஒரு காரணமாயிற்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திரப் பாடநூல்கள் கோடு, உருவம், நிறம், வெளி என்பவற்றைக் கலையின் மூலகங்கள் என்றும், சமநிலை, அளவுப் பொருத்தம், லயம், முரண் என்பவற்றை அமைப்பு நெறிகள் என்றும் வகுத்துரைக்கும். உவர்மலை வீட்டுத் திண்ணையிலிருந்து யானும் அவற்றை மனனஞ் செய்தவனே. அப்போது கிடைத்த எடுத்துக்காட்டுகள் யாவும் ஐரோப்பிய ஓவியங்கள். அதில் தவறில்லை. எனினும் அதே நகரின் கிழக்குக் கரையில், சுவாமி மலையின்மீது, அந்நெறிகள் அனைத்தும் செம்பில் உருக்கொண்டிருந்தமையை அன்று எவரும் எனக்குச் சுட்டவில்லை.

7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற கோணேசர் கோயில், 1620களிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே அவர்கள் கோட்டை எழுப்பினர். இணைக்கயல் பொறித்த கல்லொன்று அக்கோட்டையின் வாயிலில் இன்றுங் காணப்படுகின்றது. ஒரு கட்டடத்தின் ஒழுங்கில் இடம்பெற்றிருந்த கல், மற்றொரு கட்டடத்திற்கு வெறும் சுமைதாங்கியாயிற்று. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியிற் கடலில் மூழ்கிச் சில சிதைவுகளைக் கண்டனர். கல்லின் கதை இவ்வளவே.

செம்பின் கதை வேறு. 1950இல் கோயிலுக்கு அண்மையிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புப் படிமங்கள் வெளிப்பட்டன. இடிபாட்டுக்கு அஞ்சிய அடியவர் அவற்றைப் புதைத்திருத்தல் வேண்டும் என்பர். மூலவர் கருவறையில் நிலைபெற்றவர். உற்சவரோ வீதியுலாச் செல்வதற்கென்றே வார்க்கப்பட்டவர். தோளிற் சுமந்து செல்லத்தக்க பருமனும், தண்டிற் பிணித்தற்கேற்ற பீடமும் அவருக்கு இயல்பு. உலாவுக்கென அமைந்த அவ்வமைப்பே ஆபத்துக் காலத்தில் அவரைத் தூக்கிச் சென்று மறைக்கவும் இடந்தந்தது.

உலா என்னும் இப்பயனே அழகின் விதியையும் வகுத்தது. வீதியில் நிற்போர் நாற்புறமிருந்தும் காண்பர். ஆதலின் முன்புறம் போலவே பின்புறமும் செவ்வையாக முடிக்கப்படுதல் வேண்டும். சடைமுடியின் பின்வட்டமும் முதுகின் வளைவும் சிற்பியின் கருத்துக்கு உரியனவாயின. செம்பு ஒரு நிறத்தது. ஆகவே நிறம் ஆற்றவேண்டிய பணியைக் கோடும் வெளியும் ஏற்றன. பார்வதியின் திரிபங்க நிலையைக் காண்க. தலை, உடல், கால் என மூவிடத்தும் ஒடியும் கோடு நில்லாது ஓடுகின்றது. ஒரு கை மலரேந்த, மறுகை தளர்ந்து தொங்குகின்றது. அக்கைக்கும் இடைக்கும் நடுவேயுள்ள வெற்றிடமும் வடிவத்தின் ஒரு கூறே. அருகே நேராக நிற்கும் சந்திரசேகரரின் சமபங்கம், அவ்வளைவிற்கு முரணாகி அதனை மேலும் விளங்கச் செய்கின்றது.

சோமாஸ்கந்த வடிவம் இதனினும் நுட்பமானது. ஒரே பீடத்திற் பெரிய சிவன், சிறிய உமை, இடையே மிகச் சிறிய கந்தன். இருபுறமும் ஒத்த எடையன்று. ஆயினும் நிறை குலைவதில்லை. பாடநூல் கூறும் சமச்சீரற்ற சமநிலைக்கு இதனினும் தெளிந்த சான்று யானறிந்தவரை இல்லை.

இவ்வளவுகள் கண்மதிப்பால் வந்தனவல்ல. சிற்பநூல்கள் தலைமைத் தெய்வத்திற்கு உத்தம தசதாளமாக 124 அங்குலமும், தேவியர்க்கு மத்திம தசதாளமாக 120 அங்குலமும் விதித்தன. இவ்வங்குலம் கைமுழ அளவன்று; படிமத்தின் உயரத்தையே பகுத்துப் பெறும் ஒப்பளவு. சுவாமிமலைச் சிற்பியர் தென்னையோலையை மடித்து இவ்வளவைக் குறித்துக்கொள்ளும் வழக்கமுடையர். மெழுகில் உருவஞ் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் வார்ப்பர். பின்னர் மண்ணச்சு உடைக்கப்படும். ஆகவே அளவு பொதுவாயினும் அச்சு ஒன்றுக்கே உரியது.

பொலன்னறுவையில் 1907-08 காலப்பகுதியில் அகழ்ந்தெடுத்த படிமங்களைப் பொன். அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் உலகறியச் செய்தனர். அவற்றைக் கொழும்பு நூதனசாலையிற் கண்ணாடிக்கு அப்பால், அணிமணியின்றிக் காணலாம். கோட்டின் ஓட்டத்தைக் கற்க விரும்புவோர்க்கு அது வாய்ப்பே. ஆனால் அவற்றின்முன் தீபம் ஏற்றுவாரில்லை. கோணேசர் கோயிற் படிமங்களோ, 1963இற் குடமுழுக்குக் கண்ட ஆலயத்திற் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே வழிபாடு பெறுகின்றன. அங்கு திரிபங்கத்தைத் தேடும் மாணவனுக்கு முகமும் கைகளுமே தெரியும். இவ்விரண்டில் எது படிமத்திற்கு உரிய இடமெனக் கேட்பின், யான் கோயிலையே சொல்வேன். கலைமாணவன் சிறிது காத்திருக்கலாம். அபிடேக வேளையிற் பட்டு நீங்க, பால் தோளில் வீழ்ந்து மார்பின் வழி இடைக்கு இழியும். அப்போது அது, மெழுகிற் சிற்பியின் விரல் சென்ற வழியே செல்லும்.