கெடிறு, கெளிறு, கெளுத்தி

கோடையில் இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். கரையில் காத்திருக்கும் சனம் ஊத்தாவும் கச்சா வலையுமாக உள்ளே பாயும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. அதைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் வழுக்கும். கெளுத்தி என்றால் குத்தும்.

இந்தக் கெளுத்தியின் பழம்பெயர் கெடிறு. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூற்றில் 'சிறுவெண் காக்கைப் பத்து' என்றொரு பகுதி உண்டு. அதில் கடற்கரைப் பறவை கழியில் கூட்டமாகத் திரியும் கெடிற்றைத் தின்கிறது. கெடிறு பின்னர் கெளிறு என்றும் வழங்கியது. ட, ள இரண்டும் நாவை மடித்து ஒலிப்பவை. ஒன்று மற்றொன்றாவது தமிழுக்குப் புதிதல்ல. முள்ளும் செடியும் சேர்ந்தால் முட்செடி ஆகிறதல்லவா?

கெளிறு எப்படிக் கெளுத்தி ஆனது? மீன் என்ற சொல் பின்னால் வரும்போது அது கெளிற்றுமீன். காற்று காத்து ஆனதுபோலக் கெளிற்று பேச்சில் கெளித்து, கெளுத்து என்று நெகிழ்ந்து, இகரம் ஏற்றுக் கெளுத்தி ஆகியிருக்க வேண்டும் என்பதே என் துணிபு. ஆகவே இன்று பலர் எழுதும் 'கெழுத்தி' பொருந்தாது. வேரில் இருப்பது ளகரம்.

கழியில் பிறந்த பெயர் கண்மாய்க்கு வந்ததில் வியப்பில்லை. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து, மிச்சத்தை ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையில் விடுகிறது. நன்னீரும் உவர்நீரும் தொட்டுக்கொள்ளும் இப்படியான முகத்துவாரங்களில் இரண்டிலும் வாழும் கெளுத்தி வகையும் உண்டு. கடலில் பிடிபடும் இனத்தையும் கரையோரத்தார் கெளுத்தி என்றே அழைக்கிறார்கள். செதிலற்ற உடல், மீசை, முதுகிலும் இரு பக்கத்திலும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் முள். இத்தனை ஒற்றுமை இருக்க வேறு பெயர் எதற்கு? பிடித்துத் தூக்கினால் பக்கத்து முள்ளை உரசி அது ஒலி எழுப்பும். 'கெளுத்தி கத்துது' என்பார்கள்.

இந்தச் சொல் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 1840இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியென், தென்னிந்தியக் கெளுத்தி ஒன்றுக்குத் தமிழ்ப் பெயரையே இலத்தீனாக்கிக் 'கெலிட்டியஸ்' என்று சூட்டினார். இன்று அது மிஸ்டஸ் கெலிட்டியஸ். உலகத்து மீனியல் நூல்களில் நம் கண்மாய்ச் சொல் அப்படியே உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

கெளுத்தி என்ற அதே பெயரை இப்போது வேறொரு மீனுக்கும் ஒட்டுகிறார்கள். வளர்க்க இந்திய அரசு தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி அது. மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும். காற்றையும் சுவாசிப்பதால் மோசமான நீரிலும் தாக்குப்பிடிக்கும். வெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் புகுந்தால் நாட்டு மீன்களுக்குக் கேடு. சந்தையில் 'கெளுத்தி' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். நாட்டுக் கெளுத்தியா என்று கேட்டு வாங்குங்கள்.